சும்மாடு மலையில் ஏறியவர் நால்வர்

20-1-2013. வல்லம். ஏறியவர் 3, சுற்றியவர் 1. செலவு ரூ. 164.
7-2-2016. அச்சிறுபாக்கம். ஏறியவர் 3, சுற்றியவர் 1. செலவு ரூ. 248.
10-2-2019. திருப்போரூர். ஏறியவர் 3, சுற்றியவர் 1. செலவு ரூ. 310.
18-12-2022. திருக்கழுக்குன்றம். ஏறியவர் 3, சுற்றியவர் 1. செலவு ரூ. 395.
7-1-2024. சும்மாடு மலை. ஏறியவர் 4. செலவு ரூ. 610.

இதில் சுற்றியவர் என்று வருபவர் நரசிம்மன். நண்பர்கள் நால்வரும் மலைக்குப் போன நாட்கள் இன்னும் பல உண்டு. எல்லாவற்றிலும் கணக்கு இதேதான் என்பதால் அவற்றை எழுதவில்லை.

நரசிம்மன் சிங்கப்பெருமாள்கோயிலில் பிறந்தவர். அந்த ஊர்ப் பெருமாள் குன்றைக் குடைந்த குகைக்குள் இருக்கிறார். சன்னதியை மட்டும் தனியாகச் சுற்றி வர வழி கிடையாது. வலம் வரவேண்டுமானால் குன்றையே சுற்றித்தான் வரவேண்டும். பால்குடி மறக்கும் முன்பே அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து அந்தக் குன்றைச் சுற்றியவர், பெரியவரான பிறகு எந்த மலையைக் கண்டாலும் சுற்றத்தான் செய்வேன், ஏற மாட்டேன் என்றால் அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"மலையே பெருமாள்பா. அவரு தலமேல கால வெக்கறதா?" என்று முதல் தடவை வல்லத்தில் கேட்டார். மற்ற மூவரும் கொஞ்சம் வெட்கப்பட்டு, செருப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினார்கள்.

அது அப்படியே வழக்கமாகிவிட்டது. அவர்கள் ஏறுவார்கள். இவர் மூன்று ஜோடிச் செருப்பும், இட்லிப் பொட்டலமும், தண்ணீரும் சுமந்து அடிவாரத்தைச் சுற்றி வருவார். தோள்பையில் ஒரு தேங்காய், கற்பூரம், பழைய பிலிம் டப்பாவில் குங்குமம். அவர்கள் இறங்கி வரும்போது தேங்காயை உடைத்து, பத்தையும் இட்லியுமாகக் கொடுப்பார். பசியோடு இறங்கி வருகிறவர்கள் தத்துவம் பேசுவதில்லை. அச்சிறுபாக்கத்தில் உச்சியில் இருப்பது மாதா கோயில். நரசிம்மன் அதையும் விடாமல் வலம் வந்தார்.

"நானே மாதாவுக்கு இவ்ளோ செஞ்சதில்லடா," என்றார் ஆபிரகாம்.

ஆபிரகாம் சதுரங்கப்பட்டினத்துக்காரர். அவருடைய அப்பா பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர். ஆபிரகாம் அணு ஆராய்ச்சி மையத்தில் வெல்டராகச் சேர்ந்து, தென்னை மர உயரத்துத் தொட்டிகளின் விளிம்பில் உட்கார்ந்து முப்பது வருடம் பற்றவைத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயக் கமிட்டிப் பொருளாளர் வேலை, மலைக்குப் போகிற ஞாயிறுகளில் மட்டும் அதற்கு விடுப்பு. ஜெயக்குமார் திருநெல்வேலிக்காரர், அதே மையத்தில் தணிக்கைப் பிரிவு. தனகோடி அதே மையத்தின் பேருந்து ஓட்டுநர். மற்றவர்களைவிட ஆறு வயது இளையவர் என்பதால் எல்லோரையும் அண்ணாத்த என்பார். நரசிம்மன் பண்டகசாலை எழுத்தர். இப்போது நால்வரும் ஓய்வூதியக்காரர்கள்.

நரசிம்மனுக்கு உயரம் என்றால் பயம். இதை அறிந்தவர் அவர் மனைவி ரேணுகா ஒருவர்தான். அந்தப் பயத்துக்குக் காரணம் எதுவும் கிடையாது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழவில்லை, கிணற்றில் யாரும் தள்ளவில்லை. மாடிப்படியில் எட்டாவது படிக்கு மேல் போனால் உள்ளங்கால் கூசும், கண்ணுக்கு முன்னால் தரை மெல்ல ஆடும், அவ்வளவுதான். 1994இல் குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு ஒதுக்கியபோது, வயதான தகப்பனாருக்கு முட்டிவலி என்று எழுதிக் கொடுத்துத் தரைத்தள வீட்டுக்கு மாறிக்கொண்டார். தகப்பனார் காலமானது 1987இல். 2006இல் பதவி உயர்வு வந்தது. புதிய அறை நான்காவது மாடி, மூன்று பக்கமும் கண்ணாடி. பண்டகசாலையை விட்டு வர மனமில்லை என்று எழுதினார். பிரிவுத் தலைவர் அதை ஒரு கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டிப் பாராட்டினார். இப்போது சொந்த வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது ரேணுகாதான்.

2023 ஜூலையில் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்கு எதிரேயுள்ள டீக்கடையில் நால்வரும் உட்கார்ந்திருந்தபோது ஆபிரகாம் சொன்னார்.

"ரூத்து கூப்டுக்கினே கீறா. பொங்கல் முடிஞ்சி மைசூருக்கே போயிடலாம்னு கீறேன். வூட்ட வாடகைக்கு வுட்டாச்சி."

ரூத் அவருடைய ஒரே மகள், மைசூரில் நர்ஸ். 

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆச," என்றார் ஆபிரகாம். "நாம நாலு பேரும் ஒரு மல மேல நின்னு ஒரு போட்டோ. என் போன்ல அத்தினி மல கீது, அத்தினிலயும் மூணு பேருதான். 'நரசிம்மன் அங்கிள்னு ஒருத்தரு நெஜமாவே கீறாராப்பா, இல்ல நீயா சொல்லிக்கினு கீறியா'ன்னு கேக்கறா ரூத்து."

"இவுரு சாமி மல ஏற மாட்டாருவே," என்றார் ஜெயக்குமார்.

"சாமி இல்லாத மலன்னா?" என்றார் தனகோடி. "மதுராந்தகம் ஏரி தாண்டி ஒண்ணு கீது அண்ணாத்த. சும்மாடு மல. எங்க மாமியா ஊரு பக்கம். மேல கோயில் இல்ல, சிலுவ இல்ல, சூலம் இல்ல, ஒரு கட்சிக் கொடி கூட கெடியாது. ஆடுதான் மேயுது."

மூவரும் நரசிம்மனைப் பார்த்தார்கள். அவர் டீயை ஊதினார். டீ ஆறி நேரமாகியிருந்தது.

"பாக்கலாம்," என்றார்.

மறுநாளே தனியாகப் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தார். தலையில் பாரம் சுமப்பவர்கள் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் சும்மாட்டைப் போல உச்சி தட்டையாக இருந்தது. உயரம் நூற்று இருபது, நூற்று முப்பது மீட்டருக்கு மேல் இராது. நரசிம்மன் அதை நிமிர்ந்து பார்த்தபோதே உள்ளங்கால் கூசியது. அடிவாரத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தார்.

"இந்த மலைல சாமி எதுனா கீதாம்மா?"

"சாமியா? இதுக்கா?" அவள் மலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இல்லியே."

"முனி, கினி?"

"இல்ல."

"பேய்?"

"பேய்க்கு இங்க இன்னா வேல? நீ இன்னா, எடம் வாங்க வந்தியா?"

நரசிம்மன் வீடு திரும்பினார். முப்பத்தேழு வருடப் பண்டகசாலை அனுபவத்தில் அவர் தெரிந்துகொண்ட உண்மை ஒன்று உண்டு: ஒரு விஷயத்தை இல்லை என்று மறுப்பதைவிட நிலுவையில் வைப்பது எளிது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினார். அதன் முக்கியக் கேள்வி இது: "மேற்படி மலையின் உச்சியிலோ சரிவிலோ கோயில், சிலை, சூலம், நடுகல், பாதம், சமாதி அல்லது தெய்வத்தன்மை உடையதாகக் கருதப்படும் பிற பொருள் ஏதேனும் உள்ளதா? ஆம் எனில், எத்தனை?" பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி 11-8-2023 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினார்.

வேறு ஊர் நண்பர்களாக இருந்தால் சிரித்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பார்கள். இந்த மூவரும் வாழ்நாள் முழுக்க அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு கதவைக்கூடத் திறக்காதவர்கள். மனு போட்டிருக்கிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

"நெலுவைல இருக்கும்போது ஏறுனா முறையில்லல்லா," என்றார் ஜெயக்குமார். தணிக்கைக்காரர் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

செப்டம்பரில் முதல் பதில் வந்தது: மனு வேறொரு துறைக்கு மாற்றப்பட்டுள்ளது. அக்டோபர் கடைசியில் இரண்டாவது: கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை, வருவாய்த் துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. டிசம்பர் நடுவில் மூன்றாவது: புலத்தணிக்கை செய்து பதில் அளிக்கப்படும். ஒவ்வொரு கடிதம் வந்த அன்றும் நரசிம்மன் நன்றாகத் தூங்கினார்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் ஆபிரகாம் கேக்கோடு வீட்டுக்கு வந்தார்.

"ரூத்து டிக்கெட் போட்டுட்டா. ஜனவரி இருபது. ஏழாந்தேதி ஞாயித்துக்கெழம ஏறிடலாம்."

"பதில் வரலியேப்பா."

"ஜெயக்குமார்கிட்ட கேட்டேன். முப்பது நாள்ல பதில் வரலேன்னா மறுத்துட்டதா அர்த்தமாம். சட்டத்துலயே கீதாம். அப்ப சாமி இல்ல. இல்லாத சாமி தலமேல கால் வெச்சா யாருக்கும் வலிக்காதுடா."

அவர் போன பிறகு ரேணுகா கேக்கை வெட்டி ஒரு துண்டைக் கணவர் முன் வைத்தாள்.

"பயமா இருக்குன்னு சொல்லிட்டாதான் இன்னா? தலையவா வாங்கிடப் போறாரு?"

"பதினோரு வருஷமா பெருமாள் பேரச் சொல்லிட்டேன். இப்பப் போய்ப் பயம்னா, அத்தினி வருஷமும் பொய்யின்னு ஆயிடும். அத வெச்சிக்கினுதான் அவன் ரயில் ஏறணும்."

"அப்ப ஏறுங்க."

"ஏறினா விழுந்துடுவேன்."

"அப்ப ஏறாதீங்க."

"ஏறாட்டி அந்தப் போட்டோ?"

ரேணுகா இன்னொரு துண்டு கேக் வைத்தாள். 

7-1-2024 அன்று காலை தனகோடி வாடகைக்கு எடுத்த வேனில் போய் இறங்கினார்கள். செலவு கூடியது அதனால்தான். நரசிம்மன் வழக்கம்போல் தோள்பையில் தேங்காய், கற்பூரம், குங்குமம் எடுத்துக்கொண்டார். இன்று சுற்றப்போவதில்லை, பிறகு எதற்கு இதெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை. அவர் முகத்தில் நெற்றியைத் தவிர மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தது. நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது.

கீழ்ப்பகுதி வேலிக்காத்தான் புதர். இரண்டு பக்கமும் முள் மறைத்துக்கொண்டதால் பள்ளம் தெரியவில்லை. நரசிம்மன் முன்னால் போகும் தனகோடியின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். இப்படியே உச்சிவரை முள்ளாக இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்தார். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் முள் முடிந்தது. சரிந்து கிடந்த வழுக்குப் பாறை ஒன்று திறந்தது. அதன் நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு அப்பால் மதுராந்தகம் ஏரி முழுவதும் தட்டில் வைத்ததுபோல் தெரிந்தது.

"அடடா, ஏரியப் பாருங்கவே!" என்றார் ஜெயக்குமார்.

நரசிம்மன் பார்த்தார். தரை ஆடியது. நான்கு கால் பாய்ச்சலில் போய் அந்தத் துருத்திய கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கன்னம் கல்லில் ஒட்டியிருந்தது. கண் இறுக மூடியிருந்தது.

"அண்ணாத்த, இன்னா ஆச்சி?" தனகோடி திரும்பி வந்தார்.

 வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று நரசிம்மனுக்குத் தெரிந்தது. மேலே போக முடியாது. கீழேயும் போக முடியாது. இங்கேயே இருந்துவிடலாம், ரேணுகா தினமும் சோறு அனுப்புவாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"ஆபிரகாம்," என்றார், கண்ணைத் திறக்காமல். "நான் உங்கிட்ட ஒண்ணு..."

ஆபிரகாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி விளிம்பில் புதிதாக ஏறுகிற பையன்கள் கம்பியைக் கட்டிக்கொண்டு உறைந்துபோவதை முப்பது வருடம் பார்த்தவர் அவர். அப்படி உறைந்தவனிடம் என்னவென்று கேட்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். ஜெயக்குமாரின் உதட்டோரம் சிரிப்பு கிளம்பியது. ஆபிரகாம் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு உள்ளே போயிற்று.

"நீ ஒண்ணியும் சொல்லாத," என்றார் ஆபிரகாம். நரசிம்மனின் தோள்பையை மெல்லக் கழற்றி, பிலிம் டப்பாவைத் திறந்து, கட்டைவிரலால் குங்குமத்தை எடுத்தார். அந்தக் கல்லின் நெற்றிபோல இருந்த இடத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். தேவாலயக் கமிட்டிப் பொருளாளர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. "ஒனக்கு முன்னமே தெரிஞ்சிடுச்சி. அதான் போய்க் கட்டிக்கினே. இங்க சாமி கீது."

நரசிம்மன் ஒரு கண்ணைத் திறந்தார். மூக்குக்கு நேரே குங்குமம் இருந்தது.

"இன்னா சாமி?" என்றார் தனகோடி, நிஜமாகவே.

"எல்லையம்மன். இதுதான் எல்ல. இதுக்கு மேல யாரும் போவக் கூடாது."

"அப்ப உச்சி?" தனகோடி மேலே கையைக் காட்டினார். "இன்னும் கொஞ்சம்தானே அண்ணாத்த. நீதானே ஆறு மாசமா..."

ஆபிரகாம் உச்சியை ஒருமுறை பார்த்தார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவர் ஊர்க் கடல்கூடத் தெரிந்திருக்கும்.

"எல்லைன்னா எல்லதான்," என்றார். "அம்மன் தலமேல கால வெக்கறதா?"

ஜெயக்குமார் தொண்டையைக் கனைத்தார். "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா," என்றார்.

புதருக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன. அவற்றின் பின்னால், முன்பு மாடு கட்டிக்கொண்டிருந்த அதே பெண் வந்தாள். கல்லையும் குங்குமத்தையும், கல்லைக் கட்டிக்கொண்டிருக்கும் பெரியவரையும் பார்த்தாள்.

"இன்னா இது?"

"எல்லையம்மன்," என்றார் ஆபிரகாம்.

"இதுவா? எங்க ஆடு தெனம் இது மேலதான் மூத்தரம் பேயுது."

"அதான் அம்மா கோவமா கீறா. இனிமே பேய வுடாத."

அவள் யோசித்தாள். "போன மாசம் ரெண்டு குட்டி செத்துச்சி," என்றாள் மெல்ல. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆடுகளை வேறு பக்கம் ஓட்டினாள்.

கற்பூரம் காற்றில் நிற்கவில்லை. மூன்று தீக்குச்சிக்குப் பிறகு பிடித்தது. தேங்காயை நரசிம்மன்தான் உடைத்தார், இடது கையால் அம்மனைப் பிடித்துக்கொண்டபடி. போட்டோவைத் தனகோடி கையை நீட்டி எடுத்தார். மூவர் நிற்கிறார்கள், ஒருவர் கல்லை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரியாதவர்களுக்கு அது பக்தியாகத் தெரியும்.

இறங்குவதுதான் மிச்சம். நரசிம்மன் பள்ளத்தின் பக்கம் திரும்பினார், மறுபடி கல்லைப் பிடித்தார்.

"அம்மனுக்கு முதுவக் காட்டாதடா," என்றார் ஆபிரகாம், அவருக்குக் கீழே போய் நின்றுகொண்டு. "பெரிய கோயில்லலாம் எப்டி வெளிய வருவ? சாமியப் பாத்துக்கினே பின்னாலதானே வருவ? அப்டி வா. ஒன் கால நான் எடுத்து வெக்கிறேன்."

நரசிம்மன் குங்குமப் பொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், குனிந்து, பின்னோக்கி இறங்கினார். ஒவ்வொரு தடவையும் ஆபிரகாமின் கை அவர் கணுக்காலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தது. மற்ற இருவரும் அதேபோல் பின்பக்கமாகவே இறங்கினார்கள். அவர்களுக்கு அவசியமில்லை, ஒருவர் மட்டும் அப்படி இறங்கினால் நன்றாக இராது என்று ஜெயக்குமார் சொன்னாராம். முள்ளுக்குள் வந்ததும் பொட்டு மறைந்தது, பள்ளமும் மறைந்தது. நரசிம்மன் நிமிர்ந்து நின்றார்.

அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டார்கள்.  கை கழுவும்போது நரசிம்மன், "ஆபிரகாம், அந்த உச்சி..." என்று ஆரம்பித்தார்.

"சட்னி ஒறைப்பு ஜாஸ்தி," என்றார் ஆபிரகாம். "ரேணுகாகிட்ட சொல்லு."

20-1-2024 அன்று அவர் மைசூருக்குப் போனார். அன்று இரவே ரூத் தொலைபேசியில் அழைத்து, "அங்கிள், நீங்க நெஜமாவே கீறீங்க," என்றாள்.

வருவாய்த் துறையிலிருந்து நான்காவதாக ஒரு கடிதம் வரும் என்பதையே நரசிம்மன் மறந்துவிட்டிருந்தார். வந்தது. கிராம நிர்வாக அலுவலர் நேரில் சென்று பார்வையிட்டதில், மேற்படி மலையின் கிழக்குச் சரிவில் மஞ்சள், குங்குமம் சாத்தி, சிவப்புத் துணி கட்டிய நிலையில் தெய்வம் ஒன்று உள்ளது. பெயர் எல்லையம்மன். எண்ணிக்கை: ஒன்று. அதைத் தாண்டி மேலே செல்வது வழக்கமில்லை என்றும், தொன்றுதொட்டு இவ்வாறே வழிபட்டு வருவதாகவும் ஆடு மேய்ப்போர் தெரிவிக்கின்றனர். மனு முடித்து வைக்கப்படுகிறது.

நரசிம்மன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு நகல் எடுத்து, மைசூர் முகவரி எழுதி, தபாலில் சேர்த்தார்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 18-3-2024.